காடு வெட்டும் சீட்டு

1786 ஆகஸ்ட் 11 அன்று பினாங்குத் தீவின் வடகிழக்கு முனையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கொடியேற்றியபோது பிரான்சிஸ் லைட்டிடம் ஆள்பலமும் குறைவு, பணமும் குறைவு. எதிரே நின்றது காடு. கூலியாட்கள் கோடரியோடு உள்ளே இறங்கத் தயங்கினார்களாம். அவர் பீரங்கியில் வெள்ளிக்காசுகளைத் திணித்து மரங்களுக்கிடையே சுட்டாராம். காசு பொறுக்கப் போனவர்கள் காட்டையும் வெட்டிச் சாய்த்துவிட்டார்களாம். தீவின் எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் இந்தக் கதை நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம். அதற்குப் பின்னால் இருந்த விதி மட்டும் நிச்சயமாக இருந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம். எவ்வளவு காட்டைத் திருத்த முடிகிறதோ அவ்வளவு மண்ணுக்கு உரிமை கோரலாம். துறைமுகத்தில் சுங்கமும் கிடையாது. ஜார்ஜ்டவுன் என்ற நகரம் இப்படித்தான் தொடங்கியது. திட்டம் போட்டுக் கட்டிய நகரம் என்று அதைச் சொல்வது பாதி உண்மை. வந்தவர்கள் ஆளுக்கொரு துண்டாக எழுதி நிரப்பிய பலகை என்று சொல்வதே பொருத்தம்.

இந்த விதியை இருநூறு ஆண்டுகள் கழித்து இணையம் மறுபடி கண்டுபிடித்தது. முடிவே இல்லாமல் நாற்புறமும் விரியும் ஒரு பரப்பு, யாரும் வந்து எதையும் எழுதலாம், வரையலாம், பிறர் வரைந்ததை அழிக்கவும் செய்யலாம். கணினித் திரையை அளவான தாளாகப் பார்க்காமல் எல்லையற்ற பரப்பின்மேல் திறந்த சாளரமாகப் பார்க்கலாமே என்று ஸ்காட் மெக்கிளவுட் 2000இல் சித்திரக்கதைகளுக்காக எழுதினார். 2009இல் ஆண்ட்ரூ பேடர் 'யுவர் வேர்ல்ட் ஆஃப் டெக்ஸ்ட்' என்ற தளத்தைத் திறந்தபோது அந்த யோசனை எல்லோருடைய கைக்கும் வந்தது. உள்ளே நுழைந்து சொடுக்கிய இடத்தில் எழுத வேண்டியதுதான். உலகின் எந்த மூலையிலிருந்தோ இன்னொருவர் அதன்மேல் எழுதினால் கீழே இருந்த எழுத்து போனதுதான். 2017 ஏப்ரல் 1 அன்று ரெடிட் நிறுவனம் ஆயிரத்துக்கு ஆயிரம் பிக்சல் கொண்ட ஒரு பலகையை 72 மணி நேரம் திறந்துவைத்தது. ஒருவர் ஒரு புள்ளி வைத்தால் அடுத்த புள்ளிக்குச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து ஏறத்தாழ ஒரு கோடியே அறுபது லட்சம் புள்ளிகளை வைத்தார்கள். 2025 ஜூலையில் வந்த 'டபிள்யூபிளேஸ்' உலக வரைபடத்தையே பலகையாக்கிவிட்டது. யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்டிரீட்மேப் வரைபடத்தின்மேல் யாரும் வரையக்கூடிய இன்னொரு அடுக்கு. ஜார்ஜ்டவுனின் ஆர்மீனியன் தெருவும் சூலியா தெருவும் அதில் உண்டு. வேண்டியவர் போய்ப் புள்ளி வைக்கலாம்.

இத்தகைய தளங்களைப் பற்றிப் பேசுபவர்கள் திறந்த கதவை வியந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கதவைத் திறப்பது எளிய காரியம். லைட் வந்தவுடனே செய்தார். யார் எங்கே எப்போது எழுதினார் என்பதைக் குறித்துவைக்கும் ஏடு இருக்கிறதா, அதை யார் வைத்திருக்கிறார், யாருக்கு அது படிக்கக் கிடைக்கிறது என்பதில்தான் ஒரு பொதுப்பலகையின் கதி தீர்மானமாகிறது. இதற்கு ஜார்ஜ்டவுனின் வரலாற்றைப் போல விரிவான சாட்சி வேறு எங்கும் எளிதில் கிடைக்காது.

எல்லையில்லாத பரப்பில் ஏடு எதற்கு, ஒருவர் இடத்தை இன்னொருவர் பிடித்தால் அடுத்த இடத்துக்கு நகர்ந்துகொள்ளலாமே என்று முதலில் கேட்கத் தோன்றும். கணக்கில் இது சரி, நடப்பில் சரியாக வருவதில்லை. 'யுவர் வேர்ல்ட் ஆஃப் டெக்ஸ்ட்' தளத்தில் வருகிறவர் எல்லாரும் இறங்கும் இடம் நடுப்புள்ளி. எல்லா எழுத்தும், எல்லா வசையும், எல்லா அழிப்பும் அங்கேதான் குவிகின்றன. நெடுந்தூரம் நகர்த்திப் போனால் வெற்றுவெளி. படிப்பவன் வராத இடத்தில் எழுத யாருக்கும் மனம் வராது. பினாங்கிலும் இதே கதைதான். தீவு முழுக்கக் காடு கிடந்தது. எல்லாருக்கும் வேண்டியிருந்ததோ கப்பல் நிற்கும் கரையோரம். லைட் வகுத்த நகரம் நான்கு தெருக்களுக்குள் அடங்கியது. வடக்கே லைட் தெரு, கிழக்கே கடற்கரையை ஒட்டிய பீச் தெரு, மேற்கே பிட் தெரு, தெற்கே மலபார் தெரு என்று அப்போது அழைக்கப்பட்ட சூலியா தெரு. 1794இல் லைட் எழுதிய அறிக்கையில் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து வந்த சூலியர் ஏறத்தாழ 1,000 பேர் குடியேறியிருந்ததாகவும், அங்கிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேரைக் கொண்டுவந்து இறக்குவதாகவும் குறிப்பு இருக்கிறது. கடைக்காரர்கள், கூலியாட்கள் என்று அவர்களைப் பிரிக்கிறார். கப்பலிலிருந்து இறங்கிய அத்தனை பேருக்கும் அந்த நான்கு தெருவுக்குள்ளோ அவற்றின் ஓரத்திலோதான் இடம் வேண்டியிருந்தது. எல்லையின்மை என்பது விளிம்பில் இருக்கும் வசதி. நடுவில் எப்போதும் நெரிசல்தான். நெரிசல் வந்த இடத்தில் கணக்கு கேட்காமல் தீராது.

அந்தக் கணக்கு லைட்டிடம் ஒழுங்காக இல்லை. காட்டை வெட்ட அனுமதிச் சீட்டு கொடுப்பார்கள். சீட்டு வாங்கியவர் வெட்டித் திருத்திய பிறகு, நிலம் அளந்து, முறையான பட்டாவுக்கு மனுச் செய்ய வேண்டும். சீட்டுகள் தாராளமாகப் போயின, அளவை பின்னால் மெதுவாக வந்தது. பட்டாவை உறுதிசெய்ய வேண்டிய மேலிடமோ கல்கத்தாவில். நடுவே சீட்டு கை மாறியது, மிளகுத் தோட்டங்கள் எழுந்தன, எல்லைக்கல் எங்கே என்பது சொல்பவரைப் பொறுத்து மாறியது. லைட்டும் அவருடைய வணிகப் பங்காளி ஜேம்ஸ் ஸ்காட்டும் பெரிய நிலக்காரர்கள் ஆனார்கள். விதியை வகுத்தவரே முதல் ஆட்டக்காரராகவும் இருந்தால் இது வியப்பில்லை. 1794 அக்டோபரில் லைட் இறந்தார். உயில் எழுதி வைத்திருந்தும், அவரோடு வாழ்ந்து ஐந்து பிள்ளைகளைப் பெற்ற மார்ட்டினா ரோசெல்சுக்கு வந்த சொத்து அவர் கையில் நிலைக்கவில்லை. தீவை நிறுவியவரின் வீட்டாருக்கே இந்த நிலை என்றால், கையெழுத்துப் போடத் தெரியாத நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் மடியில் முடிந்து வைத்திருந்த சீட்டுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? பிறகு நிர்வாகத்துக்கு வந்த மேஜர் ஃபோர்ப்ஸ் மெக்டொனால்ட் பட்டாக்களைக் கிளறத் தொடங்கியதும் குடியேறியவர்களுக்கும் அரசுக்கும் பெரிய மனக்கசப்பு மூண்டது. 'வா, வெட்டு, எடுத்துக்கொள்' என்று சொன்ன வாய்தான் பிறகு 'ஆதாரம் எங்கே' என்று கேட்டது.

இந்தக் கதைக்குள் ஒரு விந்தையான கிளை ஓடுகிறது. லைட்டுக்கும் மார்ட்டினாவுக்கும் பிறந்த வில்லியம் லைட் பின்னாளில் தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைமை நில அளவையாளராகப் போய், 1837இல் அடிலெய்டு நகரத்தை அளந்து வகுத்தார். அங்கே முதலில் அளவை, அளவைக்குப் பிறகே மனை ஒதுக்கீடு. 21 ஆண்டுகள் கழித்து அதே அடிலெய்டில்தான், துறைமுகச் சுங்க அதிகாரியாக இருந்து அரசியலுக்கு வந்த ராபர்ட் டாரன்ஸ் 1858ஆம் ஆண்டு நிலப் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதுவரை ஒரு மனையை வாங்குகிறவர், விற்றவருக்கு விற்றவர், அவருக்கு விற்றவர் என்று பத்திரச் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு கண்ணி பொய்யாக இருந்தால் எல்லாம் போச்சு. டாரன்ஸ் முறையில் அரசின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். உரிமைக்குச் சான்றாக மட்டும் நின்ற ஏடு உரிமையாகவே ஆகிவிட்டது. இந்த முறையை நேரில் பார்க்க ஆஸ்திரேலியாவுக்குப் போய்வந்த காலனிய அதிகாரி வில்லியம் எட்வர்ட் மேக்ஸ்வெல், 1880களில் பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களின் பழைய பத்திர முறையைக் கடுமையாகக் குறை சொன்னார். மலாய் மாநிலங்கள் டாரன்ஸ் முறைக்குப் போயின. பினாங்கு போகவில்லை. பினாங்கும் மலாக்காவும் பத்திரங்களிலிருந்து பதிவேட்டுக்கு மாற 1963இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அது நடைமுறைக்கு வந்தது 1966 ஜனவரி 1 அன்று. தந்தை ஏடில்லாமல் தொடங்கிய நகரத்துக்கு, மகன் வகுத்த நகரத்தில் பிறந்த ஏடு வந்து சேர 180 ஆண்டுகள் ஆயின. பலகையை முதலில் திறந்துவிட்டுப் பிறகு கணக்கெழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஆகும் செலவு இவ்வளவு.

தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமான சாட்சி சூலியா தெருவின் முனையில் இருக்கிறது. 1801இல் துணை ஆளுநர் ஜார்ஜ் லீத், சூலியரின் தலைவர் காதர் முகைதீனைக் கப்பித்தானாக அமர்த்தி, மலபார் தெருவின் தென்புறத்தில் 18 ஏக்கர் நிலத்தைப் பள்ளிவாசலுக்காக எழுதிக்கொடுத்தார். இன்றைய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அந்த நிலத்தில் எழுந்ததுதான். இங்கே பட்டா இருந்தது. எழுதிக் கொடுத்தவர், பெற்றவர், அளவு, திசை எல்லாம் தெளிவு. அப்படியிருந்தும் அடுத்த நூறு ஆண்டுகளில் வக்ஃபு நிலத்தில் குடிசைகளும் கடைகளும் நெருக்கிக்கொண்டு எழுந்தன. அறங்காவலர்கள் மாறினார்கள், வாடகைக் கணக்கு கலங்கியது, எது குடும்பச் சொத்து, எது பொதுச் சொத்து என்ற வழக்குகள் கிளம்பின. முதல் வரியை எழுதியதோடு ஏட்டை மூடிவைத்துவிட்டால் நடப்பது இதுதான். கடைசியில் அரசு 1905இல் சட்டம் இயற்றி முஸ்லிம், இந்து அறநிலையங்கள் இரண்டையும் ஒரே வாரியத்தின் கீழ் கொண்டுவந்தது. வாரியம் கணக்கைச் சீராக்கியது, உண்மைதான். கூடவே பள்ளிவாசலைச் சுற்றியிருந்த குடியிருப்பையும் அகற்றியது. கட்டடக் கலைஞர் நியூப்ரானரைக் கொண்டு பள்ளிவாசலைப் பெரிய குவிமாடங்களோடு திருத்தியது. இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் அந்த விசாலமான புல்வெளியில் ஒரு காலத்தில் வீடுகள் இருந்தன. இந்தச் சமூகத்தின் வரலாற்றைக் கூ சல்மா நசுத்தியோன் 2014இல் விரிவான நூலாகக் கொண்டுவரும் வரை இது பலருக்குத் தெரியாத செய்தி.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும், எழவும் வேண்டும். ஏடு என்பது என்ன, நடுவுநிலைப் பொருளா? எழுதுகோல் கம்பெனியின் கையில், மொழி ஆங்கிலம், படிக்கத் தெரிந்தவர் சிலர். அத்தகைய ஏடு மக்களைக் காப்பாற்றியதை விட வெளியே தள்ளியதுதான் அதிகம் என்பார்கள். மறுக்க முடியாது. சொல்லப்போனால் பலகை வெறுமையாக இருந்தது என்பதே ஏட்டை வைத்திருந்தவர் எழுதிக்கொண்ட வரி. லைட் வருமுன்பே பத்து உபானிலும் டத்தோ கெராமாட்டிலும் மலாய்க் குடியிருப்புகள் இருந்தன. தீவு கெடா சுல்தானுடையது. இராணுவ உதவி கிடைக்கும் என்று நம்பி இடம் கொடுத்த சுல்தான் அப்துல்லா, அது கிடைக்காமல் தீவை மீட்கப் படை திரட்டித் தோற்று, 1791இல் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். கெடாவுக்குப் பணம் கொடுத்துக்கொண்டே, தீவில் முன்பு ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடிந்தது. 1875இல் இலண்டன் பிரிவி கவுன்சில் பினாங்குச் சீனக் குடும்பம் ஒன்றின் உயில் வழக்கில், இந்தத் தீவு விட்டுக்கொடுக்கப்பட்ட நிலமா, புதிதாகக் குடியேறிய நிலமா என்பது பொருட்டே அல்ல, எப்படியாயினும் முந்தைய சட்டம் எதுவும் அங்கே இருந்ததற்குத் தடயமில்லை என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. முன்னோர் வழிபாட்டுக்கு என்று அந்த உயிலில் ஒதுக்கிய வீடு செல்லாது என்றாகிவிட்டது. சட்டப்படி பலகை துடைக்கப்பட்டுவிட்டது.

ஆனால் இந்த மறுப்பை இறுதிவரை கொண்டுபோனால் அது என் வாதத்துக்கே வந்து சேர்கிறது. அநியாயம் ஏட்டில் இல்லை; ஒருவர் மட்டும் எழுதி ஒருவர் மட்டும் படிக்கிற ஏட்டில் இருந்தது. அந்த அநியாயம் இன்று நமக்குத் தெரிவதே லைட்டின் கடிதங்களும் ஒப்பந்தமும் தீர்ப்பும் எஞ்சியதால்தான். இணையம் இந்த இடத்தில் ஒரு மெய்யான முன்னேற்றத்தைக் கொண்டுவந்தது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. 1995இல் வார்டு கன்னிங்காம் முதல் விக்கியைத் திறந்தபோது யாரும் திருத்தலாம் என்ற விதி பலரைத் திடுக்கிட வைத்தது. அந்த விதியைத் தாங்கி நிறுத்தியது பின்னாளில் ஒவ்வொரு பக்கத்தோடும் சேர்ந்துகொண்ட 'வரலாறு' என்ற பகுதி. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதன் அடித்தளத்தைப் போட்டவர் இலங்கையைச் சேர்ந்த மயூரநாதன். வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் எழுதியவர், இதற்காக 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது பெற்றவர். அங்கே ஒரு கட்டுரையை எவரோ ஒருவர் மொத்தமாக அழித்தால் அடுத்தவர் ஒரே சொடுக்கில் மீட்டுவிடுகிறார். அழித்தது யார், எத்தனை மணிக்கு, எந்த வரியை என்று மூன்றாமவர் வந்து பார்க்கலாம், வாதாடலாம். கதவு 1786இல் இருந்த அதே கதவுதான். பட்டா அலுவலகம் மட்டும் தெருவுக்கு வந்துவிட்டது.

இரண்டாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. எல்லாவற்றையும் குறித்துவைத்துத்தான் ஆக வேண்டுமா? மறதியில்தானே அழகு? வாசல் கோலத்துக்கு ஏது பதிவேடு, காலையில் போட்டது மாலையில் மிதிபட்டுப் போகிறது, மறுநாள் புதிது. ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியாவின் கடைவாசல்களில் தீபாவளிக்குப் போடும் ரங்கோலிக்கும் ஆயுள் சில நாள்தான். நியாயமான கேள்வி. ஆனால் கோலம் நிம்மதியாக அழிய முடிவது அந்த வாசல் யாருடையது என்பதில் தெருவுக்குச் சந்தேகம் இல்லாததால். பக்கத்து வீட்டு வாசலில் போய்க் கோலம் போடுவதற்கு முன் யாரும் இரண்டு முறை யோசிப்பார்கள். உரிமைக் கணக்கு தெருவின் நினைவில் உறுதியாக இருக்கும்போதுதான் படம் கவலையில்லாமல் மறைய முடிகிறது.

ஜார்ஜ்டவுனின் சுவர்களில் இந்தச் சோதனை நம் கண்முன்னே நடந்தது. 2000 ஜனவரியில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விலகியதும் பழைய கடைவீடுகளில் தலைமுறைகளாக இருந்த குடிகள் பலர் வெளியேறினார்கள். பூட்டிய கதவும் உரியும் சுண்ணாம்புச் சுவரும் மிஞ்சின. 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜார்ஜ்டவுனில் இடம்பெற்ற பரப்பு 259 ஹெக்டேர் சொச்சம், அதில் மையப்பகுதி 109. பலகைக்கு மறுபடி பார்வையாளர் வந்துவிட்டார்கள். 2009இல் மாநில அரசு நடத்திய போட்டியில் வென்ற ஒரு குழு மெல்லிய இரும்புக் கம்பிகளை வளைத்து 52 கேலிச்சித்திரங்களைச் சுவர்களில் பொருத்தத் தொடங்கியது. ஒவ்வொன்றும் அந்தந்தத் தெருவின் கதையைச் சொல்லும். யாரும் அதில் ஒரு கம்பியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பிறகு 2012 ஜார்ஜ்டவுன் விழாவுக்கு லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் சகரேவிச் வரைந்தார். ஆர்மீனியன் தெருவில் ஒரு நிஜ சைக்கிள் சுவரோடு நிற்கிறது. அதை ஓட்டும் அக்காவும் பின்னால் கட்டிப்பிடித்துச் சிரிக்கும் தம்பியும் வெறும் சாயம். சாயம் உட்கார்ந்திருக்கும் பூச்சு பழையது, மழைக்கு ஊறி வெயிலுக்கு வெடிப்பது, ஆகவே முகங்கள் மெல்ல மங்கும். வந்தவர்களோ சைக்கிளில் கைவைத்து நின்று படமெடுத்தார்கள், தம்மையும் ஓவியத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டே ஆண்டுகளில் அனுமதியோடும் அனுமதியில்லாமலும் நகரமெங்கும் சுவர்ப்படங்கள் பெருகின. நல்லதும் உண்டு, பார்க்கச் சகிக்காததும் உண்டு. மரபு நகரத்தைச் சிறுவர் பூங்கா ஆக்கிவிட்டார்கள் என்ற முணுமுணுப்பும் எழுந்தது. அந்த முணுமுணுப்பில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். சுவருக்குள் வாழ்ந்தவர்கள் போனபிறகு சுவருக்கு மட்டும் கூட்டம் சேர்வது அவ்வளவு கொண்டாடத்தக்கது அல்ல.

எந்தப் படம் அழிந்தது என்பதை விட எப்படி அழிந்தது என்பது கவனிக்க வேண்டியது. 2013 நவம்பரில் சகரேவிச் ஜொகூர் பாருவில் ஒரு சுவரின் மூலையில் லெகோ பொம்மைப் பெண் ஒருத்தியையும் திருப்பத்துக்கு அப்பால் கத்தியோடு பதுங்கிய திருடனையும் வரைந்தார். நகரின் குற்ற நிலையைக் கேலிசெய்கிறது என்று நகர மன்றம் வெள்ளையடித்துவிட்டது. ஆனால் படம் அதற்குள் ஆயிரக்கணக்கான கைப்பேசிகளில் பதிவாகியிருந்தது. சில நாளில் அதன் நகல்கள் ஊரெங்கும் ஒட்டப்பட்டன. வெள்ளையடித்த கைக்குத் தெரியாமல் ஏடு வேறிடத்தில் இருந்தது. அது இல்லாதிருந்தால் அங்கே இருந்தது ஒரு வெள்ளைச் சுவர் மட்டும்தான், வழக்கும் இல்லை, வாதமும் இல்லை.

எல்லோரும் எழுதும் பரப்பில் இணக்கம் தானாக மலரும் என்ற நம்பிக்கைக்கும் இதே பதில்தான். பிட் தெருவை இன்று 'நல்லிணக்கத் தெரு' என்று சுற்றுலாத் துறை விற்கிறது. 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், 1800 வாக்கில் எழுந்த கருணைத் தேவி கோயில், முதுகைக் காட்டிக் குயின் தெருவைப் பார்த்து நிற்கும் 1833ஆம் ஆண்டு ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், எல்லாம் ஒரே நடையில். பார்க்க இனிமைதான். ஆனால் அவை அருகருகே நிற்பதற்குக் காரணம் 19ஆம் நூற்றாண்டுப் பினாங்குக்காரர்களின் பெருந்தன்மை என்று சொன்னால் 1867 ஆகஸ்டில் பத்து நாள் நீடித்த கலவரத்தை மறந்ததாகும். சீனச் சங்கங்களும் அவற்றோடு கூட்டுச் சேர்ந்த வெண்கொடி, செங்கொடிச் சங்கங்களும் இந்தத் தெருக்களில்தான் வெட்டிக்கொண்டன. கோயிலும் பள்ளிவாசலும் தப்பி நின்றதில், ஒவ்வொன்றுக்கும் எழுதி அளந்த மனை இருந்ததற்குப் பெரிய பங்கு உண்டு. 2017இல் ரெடிட் பலகையில் ஜெர்மனிக் கொடி பக்கத்திலிருந்த பிரான்சுக் கொடியை விழுங்கப் பார்த்துச் சண்டை மூண்டது. முடிவில் இரண்டுக்கும் நடுவே ஐரோப்பிய ஒன்றியக் கொடி வரைந்து எல்லை பேசிக்கொண்டார்கள். எல்லை பேசியவர்கள் பலகைக்கு வெளியே தங்கள் குழுக்களில் கூடிப் பேசியவர்கள்.

ஏடு யார் கையில் என்ற கேள்விக்கு ரெடிட் 2022இல் அப்பட்டமான பதில் ஒன்றைக் கொடுத்தது. இரண்டாம் முறை திறந்த பலகை பெரிதாகி 2,000க்கு 2,000 பிக்சல் ஆனது. கடைசிக் கட்டத்தில் நிறுவனம் வெள்ளை நிறத்தைத் தவிர மற்ற எல்லா நிறத்தையும் எடுத்துவிட்டது. வந்தவர்கள் தாங்கள் நாள்கணக்கில் காத்த படங்களைத் தாங்களே புள்ளி புள்ளியாக வெளுத்தார்கள். இருந்தும் வைக்கப்பட்ட எல்லாப் புள்ளிகளின் பட்டியலை, பயனர் பெயரை மறைத்து, நிறுவனம் வெளியிட்டது. பலகை அழிந்தும் வரலாறு எஞ்சியது. டபிள்யூபிளேசில் ஒரு புள்ளியைச் சொடுக்கினால் வரைந்தவர் பெயரே தெரிகிறது. ஆனால் அந்தத் தளம் நாளை மூடினால் அந்த ஏடு என்ன ஆகும் என்பது அதை நடத்துகிற சிலரின் விருப்பம். ஜார்ஜ்டவுனின் வெல்டு கரையோரத்து மரத்துறைக் குடியிருப்புகள் இந்த நிலையை நூறாண்டுக்கு மேல் வாழ்ந்து காட்டியவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சூ, லிம், டான், லீ, இயோ என்று ஒரே குடும்பப்பெயர் கொண்டவர்கள் கடலுக்குள் கால் நட்டு, பலகை பலகையாக நீட்டி வீடு கட்டினார்கள். நிலம் இல்லாததால் பட்டாவும் இல்லை. கையில் இருந்தது தற்காலிக உரிமம். 2006இல் கொய் துறையும் பெங் ஆன் துறையும் வீட்டுத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில் யுனெஸ்கோ பட்டியல் வந்தபோது மற்றத் துறைகள் உலக மரபுச் சொத்தாகிவிட்டன. இடிபட்ட இரண்டின் பெயர் அந்தப் பட்டியலின் வரைபடத்தில் ஏற வழியில்லாமல் போனது.